நாட்டுப்பாடல் ஒலிப்பதிவும் கேட்போர் தீர்ப்பும்

1. தோற்றுவாய்

புதுவை நகரின் தென்பகுதியில், துறைமுகத்தை அடுத்து, உப்பளம் என்னும் இடம் உள்ளது. அளம் என்பது உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்துள் நெய்தல் நிலத்து மக்களைத் தொகுத்தோதுமிடத்து அளவர், அளத்தியர் என்பாரையும் வைத்து எண்ணினார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1815-ஆம் ஆண்டிலும் 1818-ஆம் ஆண்டிலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் புதுவைப் பகுதியில் உப்பு விளைவிக்கும் தொழில் கைவிடப்பட்டது. இன்று உப்பளத்தில் வீடுகளும் சாலைகளும் விளையாட்டரங்கும் உள்ளன; அளவரும் அளத்தியரும் இல்லர். தொழில் மறைந்தது; அதனைச் சுட்டிய சொல் மட்டும் நின்றது.

பாட்டுக்கும் இவ்வாறு நேர்தல் உண்டு. ஏற்றம் மறைந்த ஊரிலும் ஏற்றப்பாட்டு ஒலிநாடாவில் நிற்கிறது. உலக்கை ஓய்ந்த வீட்டிலும் நெல் குற்றும் பாட்டு குறுந்தகட்டில் ஒலிக்கிறது. இங்ஙனம் பழைய முறையில் பாடப்பெற்ற நாட்டுப்பாடல் தொகுப்பொன்று வெளிவருங்கால், கேட்போர் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறுவதில்லை. ஒருசாரார் மண்ணின் மணம் கமழ்கிறது என்று மகிழ்வர். மற்றொரு சாரார், இது நாட்டுப்பாடலன்று, மேடைப்பாட்டு என்று ஒதுக்குவர். வேறு சிலர் இப்பழமையே நமக்கு வேண்டா என்பர். ஒரே ஒலிப்பதிவு இம்மூன்று தீர்ப்புக்கும் இடந்தருவது ஏன் என்பதும், திறனாய்வாளன் அவற்றை எங்ஙனம் எடைபோடுதல் வேண்டும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

2. ஏட்டில் இல்லாத வழக்கு ஒலியில் எழுந்தமை

நாட்டுப்பாடலைப் புலவர் உலகம் முற்றும் புறக்கணித்ததில்லை. தொல்காப்பியர் செய்யுளியலுள் பண்ணத்தி என்றொரு வகையைக் கூறினார். எழுத்துப் பயிற்சி இல்லாத பாட்டு வகைகளை அதன்கண் அடக்கினார் பேராசிரியர். அண்மைக் காலத்தில் மு. அருணாசலம் ‘காற்றிலே மிதந்த கவிதை’ என்னும் நூலை 1943-இல் வெளியிட்டார். பெர்சி மாக்குவீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958-இல் வெளிவந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இல் வெளிவந்தது. நாடோடிப் பாடல், நாட்டுப்பாடல், நாட்டுப்புறப்பாடல், நாட்டார் வழக்காறு எனப் பெயர்கள் மாறிமாறி வந்தமையே இப்பொருளைப் பற்றிய நோக்கும் மாறி வந்ததைக் காட்டும்.

இத்தொகுப்புக்களைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லாமற் போகவில்லை. ஆயின் அது பாடம், வகைப்பாடு, வரலாற்றுக் குறிப்பு ஆகியன பற்றியது. குரல் பற்றிய வழக்கு அங்கே எழுவதற்கு இடமில்லை. ஏட்டில் குரல் இல்லையன்றோ? படிப்பவன் தான் அறிந்த குரலையும் மெட்டையும் தானே இட்டு நிரப்பிக்கொண்டான். ஆதலின் ஒவ்வொருவனுக்கும் அவன் விரும்பிய பழமை கிடைத்தது. ஒலிப்பதிவு வந்ததும் இவ்வுரிமை பறிபோயிற்று. ஒரு குரல், ஒரு காலம், ஒரு கருவி என யாவும் வரையறுக்கப்பட்டுச் செவிக்கு வந்தன. கேட்போர் தம் நினைவில் உள்ள பாட்டோடு அதனை ஒப்பிடத் தொடங்கினர். கருத்து வேறுபாட்டின் முதற் காரணம் இதுவே.

பிற நாட்டிலும் இந்நிலை காணப்படும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1923-ஆம் ஆண்டில் ஜான் கார்சன் என்னும் முதிய பிடில் கலைஞரின் பாட்டு இசைத்தட்டிற் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்த ரால்ப் பீர் அக்குரலை மிக மட்டமானதென்றே கருதினார். ஆனால் அத்தட்டு அப்பகுதி மக்களிடையே விரைந்து விற்றது. தொழில் வல்லாரின் செவி குறையெனக் கண்டதை ஊராரின் செவி தம்முடையதெனக் கண்டது. அந்நாட்டுக் கிராமிய இசை பெருவாணிகமானதற்கு அத்தட்டும் ஒரு வழிகோலிற்று.

3. நான்கு கூறுகள்

நாட்டுப்பாடலை ஒலியாகக் கேட்குங்கால் நான்கு கூறுகள் கலந்து வருகின்றன. அவை சொல், மெட்டு, குரல், சூழல் என்பன. கேட்போர் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றைத் தலைமையாகக் கொண்டே தீர்ப்புக் கூறுகின்றனர்; ஆயினும் தாம் கொண்டது எதுவென வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லை நோக்குவார் பாடம் மாறாதிருப்பின் பாட்டு பழையதே என்பர். குரலை நோக்குவார் பாடம் மாறாதிருந்தும் பாட்டு மாறிற்று என்பர். இருவரும் முரண்படுவதுபோல் தோன்றினும் இருவேறு பொருள்களைப் பற்றியே பேசுகின்றனர் என்க.

ஏற்றப்பாட்டைச் சான்றாகக் கொள்வோம். அதன்கண் எண் வரிசையாக வருதல் அணிக்காக அன்று. இறைத்த சால்களைக் கணக்கிடுதற்காக. எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் வரும் அடிகள் சால் நீரில் இறங்கி ஏறும் கால அளவை நிரப்புவன. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே பாட இயலும். நூறு சாலுக்கு நீளும் பாட்டு அதனுள் அடங்காது. ஒலிநாடா வந்தபின் நீளம் ஒரு தடையன்று. ஆயினும் நாற்காலியில் அமர்ந்து கேட்பவனுக்கு எண்கள் சலிப்பூட்டின. சுருக்கினால், பாட்டைக் குலைத்தனர் என்பார் ஒருவர். சுருக்காவிடின், ஒன்றையே திருப்பிப் பாடுகின்றனர் என்பார் மற்றொருவர். குறை பாடினார்மேல் இல்லை. சூழல் நீங்கியபின் அச்சூழலுக்கென அமைந்த உறுப்பு பயனின்றி நிற்பதே உண்மைக் குறை.

ஒப்பாரியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையுறும். இழவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்பது பெண்டிரிடையே நிலவும் நம்பிக்கை. பாடல் தொகுக்கச் செல்வார்க்கு அவர்கள் அதனைப் பாட மறுத்தலும் உண்டு. அத்தகைய பாட்டு வீட்டு வானொலிப் பெட்டியிலிருந்து எழுங்கால், ஒருவர் அதன் கவித்துவத்தில் ஈடுபடுவர். மற்றொருவர் எழுந்து பெட்டியை நிறுத்துவர். பின்னவர் சுவையறியாதவர் என்று கூறுதல் பொருந்தாது. பாட்டைப் பாட்டாக மட்டும் கேளாது நிகழ்ச்சியாகக் கேட்டவர் அவரே.

4. கருவியும் குரலும்

பழைய முறையை விரும்புவார் பெரிதும் குறைகூறுவது கருவிச் சேர்க்கையை. தனிக்குரலே தூய்மை, கருவி கலப்படம் என்பது அவர் கொள்கை. பாரதியார் புதுவையில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் இயற்றிய குயில்பாட்டு இங்கு நினைக்கத்தகும். மாந்தர் பாட்டுக்களுள் தன் உள்ளத்தைக் கவர்ந்தவற்றைக் குயில் எண்ணிச் சொல்லுமிடத்தில் ஏற்றநீர்ப் பாட்டும், நெல் இடிப்பார் ஒலியும், சுண்ணம் இடிப்பார் பண்ணும், பண்ணைப் பெண்டிர் பாட்டும், கும்மியும் ஒருங்கே வருகின்றன. பெரும்பாலும் அவை தொழிலாற் பெயர் பெற்றவை என்பது நோக்கத்தக்கது. அவற்றை அடுத்தே குழலும் வீணையும் பிற கருவிகளும் அதே நிரலில் எண்ணப்படுகின்றன. குரலுக்கும் கருவிக்கும் இடையே அக்குயில் வேலி இடவில்லை.

எனவே கருவி உண்டா இல்லையா என்பது வினாவன்று. அக்கருவி பாட்டில் என்ன தொழில் செய்கிறது என்பதே வினா. நாட்டுப்பாடல் பலவற்றுள் ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர் பின்பாட்டு எடுப்பர். இடையில் விடும் ஒழிவு மூச்சு வாங்குதற்கும், உலக்கை மாற்றுதற்கும், மறுமொழி தேடுதற்கும் உரியது. அவ்வொழிவைக் கருவியொலி இடைவிடாது நிரப்புமாயின் பாட்டின் எலும்பே முறிந்ததாகும். உடுக்கையோ தவிலோ உறுமியோ அவ்விடத்தில் மறுமொழியாக நிற்குமாயின் அதனைக் கலப்படம் எனல் தகாது. தனிக்குரலாயினும் ஒழிவின்றி விரைந்து பாடினால் பழமை கெட்டதே ஆகும்.

குரலைப் பற்றிய வழக்கும் இத்தகையதே. கொல்லங்குடி கருப்பாயி ஊரில் பாடிப் பழகிய குரலோடு 1985-இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ திரைப்படத்தின் வாயிலாக நாடறிந்தவரானார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தாம் தேடித் தொகுத்த பாடல்களைத் தம் கணவருடன் மேடைகளில் பாடிப் பரப்பினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முன்னவர் குரலில் கரடு உண்டு என்பாரும், பின்னவர் குரலில் செப்பம் மிகுதி என்பாரும் உளர். கரடே உண்மை என்று கொள்வது நகரத்தாரின் ஒரு மயக்கமாகும். ஊரிலும் இனிய குரலுடையாளையே முன்பாட்டுக்கு அழைப்பர். கரகரத்த குரலைப் பழமையின் அடையாளமாக எவரும் போற்றுவதில்லை. பழைய இசைத்தட்டின் கீறல் ஒலியைப் புதிய பதிவிற் செயற்கையாகச் சேர்த்துத் தொன்மை காட்டும் முயற்சியும் இம்மயக்கத்தின் பயனே. அது தட்டின் முதுமையைக் காட்டுமேயன்றிப் பாட்டின் முதுமையைக் காட்டாது.

5. பழமை யாருக்கு இனிது?

இதுவரை கூறியன கலை பற்றியவை. மூன்றாம் சாராரின் தீர்ப்போ கலையளவில் அடங்குவதன்று. பழைய முறையே வேண்டா என்பார் கூற்றை அறியாமை என ஒதுக்குதல் எளிது. ஆனால் அது தவறு. பறை அதற்குத் தக்க சான்று. நகரத்தான் செவிக்குப் பறை தொன்மையின் முழக்கம். சாவு வீடுதோறும் கட்டாயத்தின்பேரில் அதனை முழக்கியவர் வழித்தோன்றலுக்கோ அது இழிவின் நினைவு. அவ்விழிவை நீக்கப் பறையடித்தலையே கைவிட வேண்டும் என்றாரும், அதனையே விடுதலைக் கருவியாக உயர்த்த வேண்டும் என்றாரும் ஒரே மக்களிடையே இருந்தனர். ஒரு கருவியின் ஒலி ஒரு வீட்டிலேயே இருவேறு தீர்ப்புப் பெற்றது.

இச்சிக்கலைத் தம் வாழ்வாலும் கலையாலும் எதிர்கொண்டவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கை மாவட்டத்து மாறந்தையில் 1955-இல் பிறந்த அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக விளங்கி, 2016-இல் மறைந்தார். ‘தன்னானே’ என்னும் குழுவின் வாயிலாக நாட்டுப்பாடல்களை ஊர்தோறும் பாடினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ அவர் குரலாலேயே பரவியது. 2005-இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் இளமையில் தாம் பட்ட சாதிக் கொடுமைகளை மறைக்காது எழுதினார். மெட்டும் குரலும் பழையன. சொல்லின் நோக்கமோ புதிது. தூய பழமையை நாடுவார்க்கு அதன்கண் அரசியல் மிகுதியாகத் தோன்றும். அரசியலை மட்டும் நாடுவார்க்கு மெட்டின் நுட்பம் செவியில் விழாது. ஆயினும் அவர் பாட்டு இருசாரார் விருப்பத்துக்காகவும் அமைந்ததன்று. பழைய மெட்டைப் பாடும் உரிமையும், அம்மெட்டினுள் புதைந்த பழைய அடக்குமுறையை மறுக்கும் உரிமையும் ஒருவனுக்கே உண்டு என்பதை அது நிலைநாட்டியது. பழமையை வேண்டாதார்க்கு உரிய விடை பழமையைப் புகழ்வதன்று. அதனைப் பாடுவார் கையில் அதன் பொருளை ஒப்படைப்பதே.

6. முடிபு

இளங்கோவடிகள் மக்கள் பாட்டைக் காப்பியத்துள் ஏற்றபோது பாட்டை மட்டும் தரவில்லை. நாடுகாண் காதையில் ஏர்மங்கலத்தையும் முகவைப்பாட்டையும் வயலோடும் களத்தோடும் சேர்த்தே சுட்டினார். ஆய்ச்சியர் குரவையில் பாடுவார் யாவர், எம்முறையில் நின்றனர், எத்தீக்குறி கண்டு பாடலாயினர் என்பவற்றையெல்லாம் முன்னர்க் கூறிப் பின்னரே பாட்டைத் தொடங்கினார். அவர் அப்பாட்டுக்களைச் செப்பம் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சூழலை விலக்கவில்லை. ஆதலின் அவை செப்பம் பெற்றும் உயிர் குன்றவில்லை.

நாட்டுப்பாடல் தொகுப்பினை வெளியிடுவார்க்கும் இதுவே நெறி. பாடினார் பெயர், ஊர், பாட்டு எத்தொழிற்கு அல்லது எந்நிகழ்ச்சிக்கு உரியது, யாது சுருக்கப்பட்டது, எக்கருவி சேர்க்கப்பட்டது என்பவற்றைத் தொகுப்பிலேயே குறித்தல் வேண்டும். இவை குறிக்கப்பெற்ற தொகுப்பைக் கேட்போர் மாறுபடினும் அம்மாறுபாடு பயனுடையதாகும். இவை இல்லாத தொகுப்பு எத்துணை இனிதாயினும், உப்பை நினைவூட்டாத உப்பளம் என்னும் பெயரைப் போன்றதே.

திறனாய்வாளனுக்கும் ஒரு கடமை உண்டு. கேட்போர் பலவாறு கூறுதலைக் குழப்பமென எண்ணாது, ஒவ்வொரு தீர்ப்பும் சொல், மெட்டு, குரல், சூழல் என்னும் நான்கனுள் எதனைப் பற்றியது எனப் பிரித்தறிதல் வேண்டும். கருப்பாயி 2025-இல் மறைந்தார். ஊரில் பாடிப் பழகிய அத்தலைமுறையினர் குறைந்து வருகின்றனர். அவர் பாட்டைத் தொழிலோடும் சடங்கோடும் கேட்டு வளர்ந்தவரும் குறைந்து வருகின்றனர். நம் மாணவர் இதுகாறும் பாடினார் வாய்மொழியையே தொகுத்தனர். இனிக் கேட்டார் வாய்மொழியையும் உடன் தொகுப்பாராக. ஒரு பாட்டை ஒருத்தி ஏன் கேட்டு மகிழ்ந்தாள் என்பதும், அவள் அண்டை வீட்டாள் அதனை ஏன் நிறுத்தச் சொன்னாள் என்பதும் அப்பாட்டின் வரலாற்றுள் சேர்ந்தனவே.