மானமும் கனமும்

பெற்றோரைக் குறித்த கட்டளையிலுள்ள எபிரெயச் சொல், பாரமாயிருத்தல் என்னும் பொருளுள்ள வேரினின்று பிறந்தது. அதனைத் தமிழ் வேதாகமம் 'கனம்பண்ணு' என மொழிபெயர்த்தது மிகப் பொருத்தமே. நம் மொழியிலும் கனம் என்பது பாரமாம். 'மானம்' வேறு. அது ஒருவர் இழிவுக்கஞ்சித் தம்மைக் காத்துக்கொள்வது. கனமோ பிறர்க்குச் செலுத்துவது.

நம் நாட்டுத் தோள்சீலைப் போராட்டம் இவ்வேறுபாட்டை விளக்கும். 1859 ஜூலை 26-இல் வெளியான திருவிதாங்கூர்ப் பிரகடனம், நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது; ஆயினும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றது. மானம் ஒப்புக்கொள்ளப்பட்டது, கனம் மறுக்கப்பட்டது.

அப்போராட்டத்தின் பலனை அநுபவிக்கும் நம் சபைகளின் அழைப்பிதழ்களில் 'கனம் பொருந்திய' என்பது யார் பெயருக்குமுன் நிற்கிறது? ஆலயம் பெருக்குகிறவர் பெயருக்குமுன் அது வருவதுண்டோ? செலுத்தாத கனத்தை நாம் பிரசங்கிப்பது எங்ஙனம்?