மொட்டை மாடியில் எட்டடி டிஷ்

சன் டிவி சீரியலுக்காக என்றால் இந்த எட்டடி டிஷ்ஷை வாங்கவே வேண்டாம். கட்டணச் சேனல்கள் பூட்டித்தான் வருகின்றன. தட்டு எவ்வளவு பெரிதானாலும் பூட்டு திறக்காது. தூர்தர்ஷன் போதும் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ்ஷின் இரண்டடித் தட்டு இருக்கிறது, மாதச் சந்தாவும் கிடையாது. வானத்தைத் துழாவி, பூட்டாத சேனல்களைத் தானே பிடித்துப் பார்க்கும் கிறுக்கு உள்ளவர்களுக்குத்தான் இது. எனக்கு உண்டு.

கேபிள் டிஜிட்டலாகி, தெருவுக்குத் தெரு இருந்த கண்ட்ரோல் ரூம்கள் மூடியபின் பழைய இரும்புக் கடைக்கு வந்த சி-பேண்ட் டிஷ்தான் நான் மாட்டியது. வலைத் தகடு. பழைய டிஷ்ஷில் துருவைவிடக் கோணலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் காஞ்சிபுரத்தில் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் கிடைக்கும் பட்டு நூல் இரண்டு இழை போதும். விளிம்பின் குறுக்கே கூட்டல் குறிபோல் இழுத்துக் கட்டினால் நடுவில் இரண்டும் உரசி நிற்க வேண்டும். இடையில் விரல் நுழைந்தால் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

அதே நூல் சந்திப்பிலிருந்து அடிவரை அளந்தேன்: 16 அங்குலம். விட்டம் 96 அங்குலம். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் 36. தட்டு குவிக்கும் சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்என்பியின் வாய் அடியிலிருந்து 36 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். தூணைத் தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஊரின் அட்சரேகை ஒரு வரம். 83 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-30 இங்கிருந்து ஏறத்தாழ 74 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து சற்றே கிழக்கு ஒதுங்கி நிற்கிறது. டெல்லியில் அதே செயற்கைக்கோள் 56 டிகிரிதான். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 59 மீட்டர் உயரம். அவ்வளவு உயரமான ஒன்று எதிரே நின்றாலும், 17 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். தென்னையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கணக்கிலேயே வராது. அண்ணாந்து பார்க்கும் தட்டில் மழைநீர் தேங்குமே என்பவர்களுக்கு: வலைத் தகட்டில் ஒழுகிவிடும்.

படுத்துவது எல்என்பியின் திருகல். 93.5 டிகிரி கிழக்கில் உள்ள இன்னொரு ஜிசாட் பக்கம் போனால், இங்கிருந்து எல்என்பியை ஏறத்தாழ 46 டிகிரி சாய்த்து வைக்க வேண்டும். வடநாட்டு வீடியோக்களைப் பார்த்து அளவு வைத்தால் சிக்னலின் தரம் குறைந்துவிடும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருகுவதுதான் வழி.

பலன்? ஐப்பசி அடைமழையில், டிடிஎச் தட்டுகள் திணறும்போதும், இதில் படம் உடையவில்லை. கேயூ-பேண்ட் அலைகளை மழை தின்றுவிடும். 4 கிகாஹெர்ட்ஸ் அருகே வரும் சி-பேண்டை அது பெரிதாகத் தொடுவதில்லை.

புதிய எதிரி 5ஜி. 2022இல் ஏலம் போன 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ், டிவி இறங்கும் 3.7–4.2க்கு ஒட்டிய அக்கம்பக்கம். சாதாரண எல்என்பி 3.4இலிருந்தே காதைத் திறந்து வைத்திருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் திணறிப்போகும். எல்என்பிக்கு முன்னால் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று மாட்டித்தான் ஆக வேண்டும். இரும்புக் கடையில் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போகலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் தட்டை முழுக்க வானம் பார்க்கத் திருப்பி போல்ட்டை முடுக்குங்கள். வலைதானே, காற்று புகுந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். பலத்த காற்றுக்கு வலையும் தகடுபோலத்தான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாட்கள், சில நிமிடங்கள் படம் உடைந்தால் மட்டும் ஸ்பானரை எடுக்காதீர்கள். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கும், தானே விலகிவிடும்.