மலைச்சரிவில் வாசலும் மேட்டுத் தோட்டமும்

மலைச்சரிவில் வீட்டு வாசல் என்பது வெட்டி எடுக்கப்பட்ட இடம். சமவெளியில் வாசலுக்கான நிலம் முன்பே இருக்கிறது. பெருக்கித் தண்ணீர் தெளித்தால் போதும். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே பெர்த்தாம் ஆறு இறங்கி ஓடும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம் வேண்டுமென்றால் முதலில் மலையைக் கொஞ்சம் குடைய வேண்டும். குடைந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அது சரியாதபடி கல் அடுக்க வேண்டும். அந்த நிரப்பலின் மேல்தான் மேட்டுத் தோட்டம் அமைகிறது. வாசலும் தோட்டமும் இங்கே ஒரே வேலையின் இரு பாதிகள்.

இந்த மலைக்கு 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத் தலமாக்கும் திட்டம் வேகம் பிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டியதும், சரிவில் சம உயரக் கோட்டை ஒட்டித் தேயிலை நட்டதும், மழைநீர் மண்ணை அள்ளிப் போகாமல் கான் என்னும் வடிகால் வெட்டியதும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களின் மண்வெட்டிகள். மலையை அளந்து வெட்டும் கை அன்றாட வேலையிலேயே பழகியது. அந்தக் கைதான் மாலையில் லயம் எனப்படும் வரிசை வீட்டின் முன்னும் பின்னும் பாத்தி போட்டது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. ஆறேகால் சென்ட் நிலம் அது. தாளில் இருந்த அளவு எல்லா லயத்துக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் மலைத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று படியாக ஏறும் சிறு கொல்லைகளின் அளவும் அமைப்பும் அந்தக் காலத்துக் கணக்கிலிருந்து வந்தவை என்று கொள்ளலாம்.

இந்தக் கலையை ரசிக்க வேண்டுமானால் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆகவே வாசலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஆண்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீரை வாங்கி, எங்கேயாவது அனுப்ப வேண்டியிருக்கிறது. 30 சதுர மீட்டர் தளத்தில் ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1,500 லிட்டர். கூரையிலிருந்து இறங்குவது தனி. அவ்வளவு தண்ணீரும் நிரப்பிய மண்ணுக்குள் இறங்கினால் மண் கனத்து, சுவரை வெளியே தள்ளும். மலைத் தோட்டங்களில் சுவர் விழுவதற்குப் பெரும்பாலும் கல்லோ கட்டியவரின் கையோ காரணமில்லை, வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்ற தண்ணீர்தான் காரணம்.

வேலை மட்டம் பார்ப்பதில் தொடங்குகிறது. கொத்தனார் ரசமட்டமும் தண்ணீர்க் குழாயும் கொண்டு பார்ப்பார். அவை இல்லாத இடத்தில் மூன்று கம்புகளை இணைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்ட சட்டம் போதும். அதைக் கால் மாற்றிக் கால் மாற்றி நகர்த்திச் சரிவின் குறுக்கே சம உயரக் கோட்டை முளையடித்துக் குறித்துவிடலாம். அந்தக் கோடு நேராக இருக்காது. மலை வளையும் இடத்தில் அதுவும் வளையும். அதை நேராக்க முயல்பவர் ஒரு முனையில் அதிகமாக வெட்டி, மறு முனையில் அதிகமாக நிரப்ப வேண்டிவரும். நல்ல மேட்டுத் தோட்டத்தின் சுவர் லேசாக வளைந்தே இருக்கும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த வளைவு, வீண் வேலையைத் தவிர்த்ததால் வந்தது.

அடுத்து மேல்மண். கேமரன் மலையின் அடிப்பாறை பெரும்பாலும் கருங்கல் இனம். அது சிதைந்து உண்டான மஞ்சளும் சிவப்புமான மண்ணின் மேல் கறுத்த மேல்மண் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. அதை முதலில் சுரண்டி, தனியே குவித்து, மூடி வைக்க வேண்டும். அவசரக்காரர் இதைத்தான் முதலில் புதைத்துவிடுவார். பிறகு பல ஆண்டுகள் உரம் போட்டுப் போட்டு அதையே திரும்ப உண்டாக்கப் பாடுபடுவார். அடிமண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பும்போது ஒரு சாண் கொட்டியதும் திமிசு போட்டு இறுக்கி, அதன்பின் அடுத்த சாண் கொட்ட வேண்டும். வெட்டிய பக்கம் மலையின் சொந்த மண், உறுதியானது. நிரப்பிய பக்கம் எவ்வளவு இறுக்கினாலும் சில மழைக்காலம் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தளமும் தூணும் வெட்டிய பக்கத்துக்கு, பாத்தி நிரப்பிய பக்கத்துக்கு. சிமெண்டுத் தளம் நடுவே விரிசல் விட்டு ஓரம் தாழ்ந்திருக்கும் வாசல்களில் பெரும்பாலும் இந்தப் பங்கீடு தலைகீழாகச் செய்யப்பட்டிருக்கும்.

கல்கட்டுதான் இந்தக் கலையின் உச்சம். சாந்து இல்லாமல் கட்டும் கல்கட்டை ஒரு மீட்டர் உயரத்துக்குள் நிறுத்துவது நல்லது; அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு படியாகப் பிரிக்கலாம், அல்லது பொறியாளரைக் கேட்க வேண்டும். அடியில் ஓரடி ஆழம் தோண்டி, ஆகப் பெரிய கற்களை அங்கே படுக்க வைக்க வேண்டும். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். சுவர் நிமிர்ந்து நிற்கக் கூடாது. ஆறு பங்கு ஏறினால் ஒரு பங்கு மலைப் பக்கம் சாய வேண்டும். ஒரு வரிசையின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வரக் கூடாது. அங்கங்கே ஒரு நீளக் கல் சுவரின் முகத்திலிருந்து பின்னுக்குள் நுழைந்து மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். நல்ல கைக்காரர் ஒரு கல்லை எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது படுக்க விரும்பும் பக்கத்தைக் கண்டுகொண்டு வைப்பார்; வைத்ததைப் பெரும்பாலும் மறுபடி எடுக்க மாட்டார்.

ஆனால் சுவரின் உண்மையான தரம் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில் இருக்கிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓரடி அகலத்துக்குச் சல்லி நிரப்பி, மண் அதற்குள் புகாமல் வடிதுணி விரித்து, அடியில் ஒரு துளைக்குழாயைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வெளியே விட வேண்டும். சிமெண்டு வைத்துக் கட்டிய சுவரானால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் கசிவுத் துளை விடுவது கட்டாயம். பெரு நாட்டில் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மச்சு பிச்சுவின் படித் தோட்டங்களை அகழ்ந்து பார்த்தவர்கள் இதே ஒழுங்கைக் கண்டார்கள்: அடியில் கல், அதன்மேல் சரளையும் மணலும், மேலே தூக்கிவந்து பரப்பிய வளமான மண். மலைமழையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவை நிற்பதற்குக் கல்லின் வேலைப்பாடு பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த அடுக்கு.

சுவர் எட்டாத சரிவுக்கு வேர் வேண்டும். வெட்டிவேரை மலேசியாவில் விரிவாகச் சோதித்தவர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி. கே. யூன், அவரது அறிக்கை 1991இல் வந்தது. பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர் வரையும் நேரே கீழிறங்கும் அந்த வேரை, சரிவின் குறுக்கே நெருக்கமாக ஒரு வரிசை நட்டால் மேலிருந்து வரும் மண் அதன் பின்னே தங்கி, காலப்போக்கில் தானே ஒரு படியாகிவிடும். வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. வீட்டின் நிழல் விழும் பக்கத்துக்கு வேறு செடிதான் பார்க்க வேண்டும்.

நடவில் மண்ணின் புளிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தேயிலைக்கு அந்தப் புளிப்பு அமுதம். முட்டைக்கோசுக்கும் கீரைக்கும் அது ஆகாது. அவற்றுக்கு டோலமைட்டுச் சுண்ணாம்பு போட்டு அமில கார அளவு எண்ணை (pH) ஆறுக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஹைட்ரேஞ்சியா இந்த மலையில் நீலமாகப் பூப்பதற்கும் இந்தப் புளிப்பே காரணம். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. பூ நீலம் கொள்கிறது. அதன் அடியில் சுண்ணாம்பு விழுந்தால் அடுத்தடுத்த பூக்கள் ரோஜா நிறத்துக்கு மாறும். ஒரே கல்கட்டின் மேல் ஒரு முனையில் நீலமும் மறு முனையில் ரோஜாவும் பூத்திருந்தால், சுண்ணாம்பு போட்ட காய்கறிப் பாத்தி எந்தப் பக்கம் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். சௌசௌக் கொடி பந்தலில் ஏறிவிட்டால் அண்டை வீடுகளுக்கும் காய் உண்டு. கறிவேப்பிலை மட்டும் குளிரில் மெதுவாகத்தான் தழைக்கும். வெயில் விழும் சுவரோரம் தொட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள்.

இனி வாசல் தளம். மலேசியத் தமிழர் வீட்டு முகப்பை அஞ்சடி என்பார்கள். அதற்கு முன்னால் விரியும் திறந்த தளமே வாசல். அதற்கு முதல் இலக்கணம், வீட்டை விட்டு விலகிச் சாய்வது. மூன்று மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம் சரியான அளவு. அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், மிகவும் கூடினால் நாற்காலி ஆடும். நன்றாக அமைந்த சாய்வு கண்ணுக்குத் தெரியாது. மழை விட்ட பின் தளம் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதில்தான் தெரியும். அதிகாலையில் போட்ட கோலம் கரையாமல் இருக்கிற வாசல் இந்த மலையில் ஒரு சாதனை.

வழவழப்பான ஓடு இங்கே ஆகாது. ஈரக் காற்றில் பாசி படிந்துவிட்டால் முதியவர்கள் கால் வைக்க முடியாது. விளக்குமாற்றால் வரிவரியாகச் சொரசொரப்பாக்கிய சிமெண்டுத் தளம், மணல் படுக்கையில் பதித்த கட்டைக்கல், சொரசொரப்பான கருங்கல் பலகை, இவை மூன்றும் தாங்கும். இவற்றில் கட்டைக்கல்லே உயர்ந்தது என்று சொல்ல வேண்டும்: அமுங்கிய இடத்தை மட்டும் பெயர்த்து, மணல் இட்டு, மறுபடி பதிக்கலாம். சிமெண்டுத் தளத்தை மூன்று மீட்டருக்கு ஒரு பிரிவாக வார்த்து இடைவெளி விடாவிட்டால் அது தானே தன் இடைவெளியைக் கோணல்மாணலாகத் தேடிக்கொள்ளும்.

பராமரிப்பு சிறு வேலைகளின் தொடர். ஈர்க்குமாற்றால் அன்றாடம் இலை கூட்டுவது பாசிக்கு உணவில்லாமல் செய்கிறது. படிந்த பாசியைக் கெட்டித் தூரிகையும் வெந்நீரும் கொண்டு தேய்ப்பதே நல்லது. குளோரின் கலந்த திரவம் வழிந்து பாத்திக்குள் போனால் செடி கருகும். அழுத்தநீர்ப் பொறி வேலையைச் சுலபமாக்கும், ஆனால் கட்டைக்கல்லின் இடைமணலையும் வாரிக்கொண்டு போய்விடும். பிறகு மணல் தூவிக் கூட்டி நிரப்ப வேண்டும். பூச்சட்டிகளை, பழைய பால்மாவு டின்னில் வைத்த செடிகளையும் சேர்த்து, இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்தால் அடியில் ஈரம் தங்காது. நிழல் கொடுக்கும் கிளையைக் கொஞ்சம் கழிப்பதற்கு ஈடான பாசி மருந்து கிடையாது. மழை வரும் நேரத்தில் எதையும் வெட்டித் திறந்து போடக் கூடாது. குவித்த மண்ணை மூடாமல் ஓர் இரவு விட்டால் அது காலையில் கானில் இருக்கும்.

கானில் போகும் மண் அதோடு நிற்பதில்லை என்பதை லெம்பா பெர்த்தாம் நன்றாக அறியும். பள்ளத்தாக்குக்கு மேலே 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை இருக்கிறது. மேல் மலைகளில் திறந்து போட்ட சரிவுகளிலிருந்து அடித்துவந்த வண்டல் அதன் ஏரியில் படிந்து, நீர் கொள்ளும் அளவைக் குறைத்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழைக்குப் பின் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு சேறாகப் பெருகியது. லெம்பா பெர்த்தாமில் உயிர்கள் போயின, வீடுகள் சேற்றில் புதைந்தன. ஒரு வீட்டு மேட்டுத் தோட்டம் அந்தக் கணக்கில் சிறு துளி. ஆனாலும் தேயிலைப் புதர் மூடிய சரிவும், நன்றாகக் கல்கட்டிய கொல்லையும் மண்ணைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. வெட்டிவிட்டு அப்படியே விட்ட சரிவு அதை ஆற்றுக்குக் கொடுக்கிறது.

அதனால் இந்த வேலைக்குச் சட்டமும் குறுக்கே வரும். 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, மலைநிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றிக் காடு வெட்டவோ பயிரிடவோ முடியாது. மலேசிய வழிகாட்டு நெறிகள் சரிவுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன: 15 பாகை வரை முதல் வகுப்பு, 35 பாகைக்கு மேல் நான்காம் வகுப்பு. செங்குத்தான சரிவில் வீட்டுக்காரர் தாமே கடப்பாரையை எடுப்பது ஆபத்து.

ஒரு மேட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர் பூவைப் பார்ப்பதற்கு முன் சுவரின் அடியைப் பார்க்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள் கசிவுத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அந்தத் தோட்டம் நன்றாக இருக்கிறது. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது. பெரிய மழைக்குப் பின்னும் ஒன்றுமே வராவிட்டால் துளை அடைத்திருக்கக்கூடும். அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.