முகாமில் கொடுக்கும் ஈசிஜித் துண்டு

கிழக்கிலங்கைக் கரையில் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை இப்போது இலவச இருதயப் பரிசோதனை முகாம் ஒரு மோஸ்தர். கோயில் சபை ஒன்று வைத்தால் அடுத்த மாதம் பள்ளிவாசல் வைக்கும். அதைப் பார்த்து விளையாட்டுக் கழகம் வைக்கும், பழைய மாணவர் சங்கமும் விடாது. பாண்டிருப்பிலும் இதுவே கதை. பிரஷர், சீனி, கடைசியாக ஈசிஜி. குறை சொன்னால் வரும் பதிலும் ஒன்றுதான்: "ஒருத்தரக் காப்பாத்தினாலும் போதும்தானே?"

முகாம்களால் நன்மை இல்லாமலில்லை. தொற்றா நோய்களைத் தேடவென்று அரசு 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களுக்குப் பெண்கள் போகும் அளவுக்கு ஆண்கள் போவதில்லை. கடலுக்கும் வயலுக்கும் கடைக்கும் போகிறவர் வேலை நாளில் அங்கே போய் நிற்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வருவார். தனக்குப் பிரஷர் இருப்பதை அங்கேதான் முதன்முதலில் அறிந்தவர்கள் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். நான் சண்டை பிடிப்பது அந்த ஈசிஜி மெசினோடுதான்.

ஈசிஜி காட்டுவது, கட்டிலில் படுத்திருக்கும் சில வினாடிகளில் இதயத்தில் ஓடும் மின்னோட்டத்தை. பழைய மாரடைப்பின் தழும்பு, தடித்துப்போன இதயச் சுவர், தாளம் தப்பிய துடிப்பு ஆகியவை அதில் தெரியக்கூடும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிக்குள் படிந்திருக்கும் கொழுப்பு தெரியாது. நாடி முக்கால்வாசி அடைபட்டிருந்தாலும், சும்மா படுத்திருப்பவருக்கு மீதி வழியால் வரும் இரத்தமே போதும். கோடும் ஒழுங்காகவே வரும். இதிலும் மோசமானது ஒன்று உண்டு. மாரடைப்புகளில் பல, பாதிகூட அடைபடாத இடத்தில் இருந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருபவை. நாளை வெடிக்கப்போகும் திட்டை இன்றைய ஈசிஜியில் தேடுவது, போன வருடத்துப் பஞ்சாங்கத்தில் இந்த வருடத்து மழையைப் பார்ப்பது போன்றது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவச் சேவைகள் பணிக்குழு 2012இலும் 2018இலும், அறிகுறி இல்லாத, ஆபத்தும் குறைந்தவர்களிடம் ஈசிஜி எடுத்து நோய் தேட வேண்டாம் என்றே சொன்னது. அங்கே மெசினுக்குப் பஞ்சம் இருந்து சொன்னதல்ல.

பயனில்லை, அவ்வளவுதானே என்று விடலாமா? முடியாது. அந்தத் துண்டு வீட்டுக்குப் போகிறது, அலுமாரியில் பத்திரமாகிறது. நாலு மாதம் கழித்து ஓர் இரவு நெஞ்சை அழுத்துகிறது, இடது கை கனக்கிறது, வேர்க்கிறது. "போன முகாமில எல்லாம் நல்லம் என்டவங்கதானே, இது வாய்வு" என்று ஓமவாட்டர் குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருக்க ஒரு நியாயம் கையில் இருக்கிறது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியின் பலன் முதல் மணித்தியாலங்களில்தான் அதிகம். 12 மணித்தியாலம் கடந்தால் அதனால் பெரிதாக ஆவதில்லை. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. அந்த நேரத்தில் அதைப்போல உதவும் கருவி வேறில்லை. முதல் துண்டில் ஒன்றும் தெரியாவிட்டால்கூட வைத்தியர்கள் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரொபோனினை இரத்தத்தில் பார்ப்பார்கள். வலியோடு வந்தவரின் துண்டையே ஒருமுறை பார்த்துவிட்டு அவர்கள் நம்புவதில்லை. வலியில்லாதவரின் துண்டை நம்பச் சொல்லி முகாம் அனுப்பிவைக்கிறது.

ஆகவே காப்பாற்றப்பட்ட அந்த ஒருவரைக் கணக்கில் எழுதுகிறவர்கள், ஓமவாட்டர் குடித்த இந்த ஒருவரையும் எழுதவேண்டும். அவர் எந்த அறிக்கையிலும் வரமாட்டார். விழா மேடையில் வாசிப்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும்தான்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் முகாம்களுக்கு ஒரு தேவை இருந்தது. இன்று பாண்டிருப்பிலிருந்து சற்றுத் தூரத்தில், ஒரே கல்முனையில், வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. இரண்டிலும் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. இந்த ஊருக்கு முகாம் தரவேண்டியது அங்கே போகும் வழி. யாரை அங்கே அனுப்புவது என்று அறியவும் வழி உண்டு. வயது, பால், புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைக் கொண்டு பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்தைக் கணிக்கும் வர்ண அட்டையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 2019இல் புதுப்பித்தபோது இரத்தப் பரிசோதனை இல்லாமலே கணிக்கும் அட்டையும் வந்தது. ஒரு மேசை, அமுக்கமானி, உயரமும் எடையும் பார்க்க வசதி, இவை இருந்தால் போதும். புகைக்கும் 50 வயதுக்காரர் சிவப்புக் கட்டத்தில் விழுந்தால், அதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சலும் வேண்டும். துண்டைச் சுருட்டிக் கையில் கொடுப்பது அதைவிட இலகு. மெசின்மேல் இவ்வளவு ஆசை வந்ததன் காரணம் இதுவோ என்றும் ஒரு சந்தேகம்.

பிரஷரையாவது ஒழுங்காக அளக்கிறார்களா? ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, இரண்டு முறை அளக்கவேண்டும். 140/90ஐத் தாண்டினாலும் இன்னொரு நாள் பார்த்தே நோய் என்று சொல்லவேண்டும். ஒலிபெருக்கி அலறும் மண்டபத்தில், வரிசையில் நின்று வந்த மனிதரிடம் எடுத்த ஒற்றை எண்ணோடு அவரை வீட்டுக்கு அனுப்பினால், பாதிப் பேர் பயத்தோடும் மீதிப் பேர் அலட்சியத்தோடும் போவார்கள்.

மெசின் இல்லாவிட்டால் சனம் வராது என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். இருக்கலாம். அப்படியானால் மெசின் ஒரு மூலையில் இருக்கட்டும். 65 வயது தாண்டியவர்களின் நாடித்துடிப்பை முதலில் விரலால் பார்த்து, தாளம் தப்பி அடிப்பவருக்கு மட்டும் எடுக்கட்டும். அப்படி எடுத்த துண்டைத் தனியே அவர் கையில் கொடுத்து விடாமல், கிளினிக் திகதி எழுதிய கடிதத்தோடு சேர்த்துத் தைத்துக் கொடுக்கட்டும். மூன்று மாதம் கழித்து, கடிதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் கிளினிக்குக்குப் போனார்கள் என்ற கணக்கை அதே ஏற்பாட்டாளர்கள் வெளியிட்டால், அடுத்த முகாமுக்கு நானும் சந்தா தருவேன்.