பெண் துப்பறிவாளர் நாவல்களில் வேலைக்காரி

ஆங்கிலத் துப்பறியும் புனைவில் பெண் துப்பறிவாளர் 1864-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டார். ஆண்ட்ரூ ஃபாரஸ்டர் என்ற புனைபெயரில் வெளியான ‘தி ஃபீமேல் டிடெக்டிவ்’ அந்த ஆண்டு நூல். லண்டன் காவல்துறையில் அப்படியொரு பதவியே இல்லாத காலம் அது. அந்நூலின் நாயகி தன் தொழிலுக்கு ஒரு நியாயம் சொல்கிறார்: ஆண் நுழைய முடியாத இடத்தில் பெண் நுழையலாம், அருகிலிருந்து கவனிக்கலாம். 1894-இல் கேத்தரின் லூயிசா பெர்க்கிஸ் எழுதிய லவ்டே புரூக் கதைகளிலும் இதே நியாயம்தான். லவ்டே வசதியான நிலையிலிருந்து சரிந்து, பிழைப்புக்காக ஒரு துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தவர். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர் போலவோ எழுத்து வேலை தேடி வந்தவர் போலவோ பெரிய வீடுகளுக்குள் நுழைந்துவிடுவார். பெண் என்பதால் யாரும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாததால் அவருக்கு எல்லாம் தெரிகிறது.

இந்தக் கற்பனைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. யாரும் கவனிக்காமல் வீட்டுக்குள் நடமாடும் பெண் என்ற இடம் காலியாக இருந்த இடம் அல்ல. அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். தேநீர் கொண்டுவருபவள், படுக்கை விரிப்பவள், கணப்பில் சாம்பல் அள்ளுபவள். பெண் துப்பறிவாளரின் பலம் என்று சொல்லப்படுவதெல்லாம் அவளுக்கு முன்பே உண்டு. அப்படியானால் இந்த நாவல்கள் அவளை என்ன செய்தன? இந்த வகையின் நல்ல நாவல்களைப் பிரித்தறிய, புதிர் எவ்வளவு திறமையாகப் பின்னப்பட்டிருக்கிறது என்பதைவிட இந்தக் கேள்வியே அதிகம் உதவுகிறது. கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. கீழே குறிப்பிடப்படும் நாவல்களை இன்னும் வாசிக்காதவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவும்.

மிஸ் மார்ப்பிளின் முறை

பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி, விவேக்–ரூபலா என்று ஜோடியாகவே துப்பறிவாளர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு, அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் தனியாக வருவதே முதல் வியப்பு. திருமணமாகாதவர், வயதானவர், கையில் எப்போதும் பின்னல் வேலை. 1927-இல் ஒரு சிறுகதையில் அறிமுகமாகி, 1930-இல் ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ மூலம் நாவலுக்கு வந்தார். மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள்.

மார்ப்பிளுக்கு முன்னோடி, ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926) நாவலில் வரும் கரோலின் ஷெப்பர்ட். இதைக் கிறிஸ்டியே தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். கரோலின் வீட்டைவிட்டு அசைவதில்லை. ஆனால் ஊரில் நடப்பது அத்தனையும் பால்காரர், வேலைக்காரப் பெண்கள் வழியாக அவருக்கு வந்து சேர்ந்துவிடும். அதாவது, மார்ப்பிள் என்ற பாத்திரம் பிறக்கும் முன்பே அவருடைய அறிவுக்கு மூலதனம் போட்டவர்கள் வேலைக்காரர்கள்.

மார்ப்பிளின் முறை ஒப்பிடுதல். கண்ணெதிரே நிற்கும் கனவானைப் பார்த்ததும், செயின்ட் மேரி மீட் கிராமத்தில் சில்லறையில் ஏமாற்றிய யாரோ ஒரு பையன் அவருக்கு நினைவுக்கு வருவான். வம்புப் பேச்சு என்று ஆண்கள் ஒதுக்கியதை ஆதாரமாக மாற்றியது கிறிஸ்டியின் சாதனை. ‘தி பாடி இன் தி லைப்ரரி’ (1942) நாவலில் நூலகத்தில் கிடக்கும் சடலம் ரூபி கீன் என்ற நடனப் பெண்ணுடையது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சடலத்தின் நகங்கள் கடித்துத் தின்னப்பட்டவை, உடையோ பழையது. இந்த இரண்டிலிருந்தும் இறந்தவள் வேறொருத்தி என்பதை மார்ப்பிள் பிடித்துவிடுகிறார். காவல் அதிகாரிகள் நகத்தைப் பார்த்தார்கள், ஆனால் வாசிக்கவில்லை.

ஆனால் உடை பற்றிய அவரது வாதத்தை நிதானமாகப் படித்தால் உறுத்தும். நல்ல குடும்பத்துப் பெண் இடத்துக்கு ஏற்ப உடுத்துவாள். ரூபியைப் போன்றவள் எங்கே போனாலும் இருப்பதில் நல்லதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். வாதத்தின் சாரம் இதுதான். துப்பு துலங்குகிறது. கூடவே, மார்ப்பிளின் கூரிய பார்வை எந்தப் படியில் நின்று பார்க்கும் பார்வை என்பதும் துலங்கிவிடுகிறது.

கிளாடிஸ்

கிறிஸ்டி இதை உணராதவர் அல்ல என்பதற்கு ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ (1953) சான்று. மார்ப்பிள் நாவல்களில் மிகவும் மனதைத் தொடுவது இதுவே. ராஜா, ராணி, தோட்டத்தில் துணி காயப்போடும் வேலைக்காரி ஆகியோர் வரும் ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் வரிசையில் கொலைகள் நடக்கின்றன. பணக்காரரான ரெக்ஸ் ஃபார்ட்டெஸ்க்யூ நஞ்சுண்டு இறக்கிறார். அவருடைய இளம் மனைவி அடேல் தேநீரில் கலந்த சயனைடால் இறக்கிறார். வீட்டின் பரிமாறும் பெண் கிளாடிஸ் மார்ட்டின், துணிக்கொடி அருகே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அவள் மூக்கில் துணிக்குப் போடும் கிளிப் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது.

மார்ப்பிள் இந்த வழக்குக்குள் வருவது ரெக்ஸுக்காக அல்ல, கிளாடிஸுக்காக. அநாதை இல்லத்திலிருந்து கிளாடிஸை அழைத்துவந்து வீட்டு வேலை பழக்கியவர் அவர்தான். செய்தித்தாளில் பார்த்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பி வருகிறார். கொலை ஒரு பக்கம் இருக்க, அந்த கிளிப்தான் அவரைக் கொதிக்க வைக்கிறது. இறந்துபோன பெண்ணை இழிவுபடுத்தும் செயல் அது. துப்பறியும் நாவலில் கொலை சாதாரணம், ஆனால் இறந்தவளின் மானத்துக்காக ஒருவர் கோபப்படுவது சாதாரணமல்ல.

வழக்கின் முடிச்சும் கிளாடிஸிடமே இருக்கிறது. தேநீர் வேளையில் முதல் தட்டு அறைக்குள் போயிருக்கிறது, பலகாரத் தட்டு பாதி வழியில் வெளியே நிற்கிறது. அவள் எங்கே என்று அக்கறையோடு தேடியவர் இல்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற எரிச்சல்தான் அந்த வீட்டில் இருந்தது. ராணிக்குப் பிறகு வேலைக்காரி என்ற பாட்டின் வரிசையையே எல்லோரும் நம்பியிருக்க, அந்தத் தட்டைக் கொண்டு மார்ப்பிள் நேரத்தைத் திருத்துகிறார்: கிளாடிஸ்தான் முதலில் செத்திருக்கிறாள். ரெக்ஸின் உணவில் நஞ்சைக் கலந்ததும் அவளே. ஆனால் அது நஞ்சு என்று அவளுக்குத் தெரியாது. உண்மையைப் பேசவைக்கும் மருந்து என்று காதலன் சொன்னதை நம்பிவிட்டாள். ஆல்பர்ட் என்று பெயர் சொல்லிப் பழகிய அந்தக் காதலன், ரெக்ஸின் மகன் லான்ஸ்.

நாவலின் கடைசிப் பக்கம் முக்கியமானது. வீடு திரும்பும் மார்ப்பிளுக்காக, கிளாடிஸ் சாவதற்கு முன் எழுதிய கடிதம் காத்திருக்கிறது. முகவரி மாறி மாறிச் சுற்றிவந்த கடிதம். என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதி, ஆல்பர்ட்டின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறாள். மார்ப்பிளின் கண்ணில் நீர் வருகிறது, பிறகு கோபம் வருகிறது. அத்தோடு கிறிஸ்டி நிறுத்தவில்லை. இரண்டையும் தள்ளிவிட்டு வெற்றிப் பெருமிதம் எழுகிறது. ஓர் எலும்புத் துண்டையும் சில பற்களையும் வைத்து, அழிந்துபோன விலங்கு ஒன்றை முழுதாக உருவாக்கிக் காட்டிய நிபுணரின் பெருமிதம்.

இந்த முடிவைக் குரூரம் என்று ஒதுக்கலாம். நேர்மை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதே சரியாகப் படுகிறது. கிளாடிஸுக்காக அழுத ஒரே ஆள் மார்ப்பிள். அவருக்கும் கடைசியில் கிளாடிஸ் ஓர் ஆதாரம். துப்பறியும் நாவல் என்ற வடிவம் இறந்தவரை அப்படித்தான் நடத்தும் என்பதைக் கிறிஸ்டி மறைக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ (1957) நாவலில் வேலைக்காரியே துப்பறிகிறார். ரயிலிலிருந்து ஒரு தோழி பார்த்த கொலையின் சடலத்தைத் தேட, லூசி ஐல்ஸ்பரோ என்பவரை மார்ப்பிள் ஒரு வீட்டில் வேலைக்கு அமர்த்துகிறார். லூசி சமைக்கிறார், பெருக்குகிறார், சடலத்தையும் கண்டுபிடிக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லூசி ஆக்ஸ்ஃபர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். போருக்குப் பின் வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காததைக் கவனித்து, நல்ல ஊதியத்துக்காக அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். அந்த வீட்டு ஆண்கள் அவரை மணக்கப் போட்டி போடுகிறார்கள். ஏப்ரன் அதேதான், கட்டியிருப்பவர் வேறு. கிளாடிஸ் உயிரோடு இருந்திருந்தால் அவளிடம் இந்தப் பொறுப்பை மார்ப்பிள் கொடுத்திருப்பாரா?

சேயர்ஸின் ஆனி

டோரதி எல். சேயர்ஸின் ‘காடி நைட்’ (1935) இந்த வகையில் அறிவார்ந்த நாவல் என்று பெயர் பெற்றது. கொலையே இல்லாத துப்பறியும் கதை. ஆக்ஸ்ஃபர்டில் கற்பனையான ஒரு பெண்கள் கல்லூரி, ஷ்ரூஸ்பரி. ஆபாசக் கடிதங்கள் வருகின்றன, ஆய்வுக் கையெழுத்துப் பிரதி நாசமாக்கப்படுகிறது. பழைய மாணவியும் துப்பறியும் நாவலாசிரியருமான ஹேரியட் வேன் விசாரிக்க வருகிறார். ஆக்ஸ்ஃபர்ட் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1920-இல்தான். அந்த முதல் அணியில் சேயர்ஸும் ஒருவர். விஷயம் வெளியே தெரிந்தால் படித்த பெண்கள் இப்படித்தான் என்று உலகம் சொல்லிவிடும் என்ற பயம் நாவல் முழுக்க இருப்பது அதனால்தான்.

ஆசிரியைகள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். மணமாகாத பெண்களின் அடக்கிவைத்த மனம்தான் காரணமோ என்று ஹேரியட்டே எண்ணுகிறார். குற்றவாளியோ கல்லூரியின் பணிப்பெண்களில் ஒருத்தியான ஆனி. அவளுடைய கணவரின் ஆய்வு மோசடியை அங்குள்ள மிஸ் டி வைன் முன்பொரு காலத்தில் அம்பலப்படுத்தினார். அவர் வேலை இழந்து, தற்கொலை செய்துகொண்டார். ஆனி எல்லா அறைக்கும் போய்வருகிறவள். எல்லோரும் அவளைத் தினமும் பார்க்கிறார்கள். மனதின் ஆழங்களையெல்லாம் அலசிய அறிஞர்களுக்கு, தேநீர் கொண்டுவருபவளுக்கும் ஒரு மனம் இருக்கும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

பிடிபட்ட பின் ஆனி வெடித்துப் பேசும் இடம் நாவலின் உச்சம். உங்கள் உண்மை ஒரு குடும்பத்தை அழித்தது என்கிறாள். அவளுடைய வாதம் பழமையானது, பெண்களுக்கே எதிரானது. ஆனாலும் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. சேயர்ஸ் அவளை முழுதாகப் பேசவிடுகிறார். பிறகு மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஹேரியட்டின் காதலுக்குத் திரும்பிவிடுகிறார். புதிரை அவிழ்ப்பதும் ஹேரியட் அல்ல, பீட்டர் விம்சி பிரபு. பெண்களின் அறிவு வாழ்வைக் காக்க எழுதப்பட்ட நாவலில் தீர்ப்பு சொல்ல ஓர் ஆண் வரவேண்டியிருந்தது பலரும் சுட்டக்கூடிய குறை. ஆனி பேசியதற்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை என்பது அதைவிடப் பெரியது. அதைக் குறை என்பதா, நாவலின் பலம் என்பதா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

பின்வந்தவர்கள்

பி.டி. ஜேம்ஸின் ‘ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ உமன்’ (1972) நாவலில் வரும் கார்டீலியா கிரேவுக்கு 22 வயது. தற்கொலை செய்துகொண்ட கூட்டாளியிடமிருந்து ஒரு நொடிந்த துப்பறியும் அலுவலகமும் ஒரு துப்பாக்கியும் அவளுக்கு வந்து சேர்கின்றன. கேம்பிரிட்ஜ் மாணவன் மார்க் கேலண்டரின் மரணத்தை விசாரிக்கும் அவளுக்கு முக்கியமான சாவி கிடைப்பது பில்பீம் என்ற வயதான ஆயாவிடமிருந்து. மார்க்கின் கையில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்தவர் அவர். அதிலிருந்த ரத்த வகைக் குறிப்பே எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆயாவை கார்டீலியா பொறுமையாகக் கேட்கிறாள், ஒப்பிடுவதில்லை. வீடு வீடாகக் கைமாறி வளர்ந்தவள் என்பதால், யாரும் கவனிக்காத ஆளாக இருப்பது அவளுக்கு வேஷம் அல்ல, பழக்கம். கடைசியில் மார்க்கின் தந்தையைக் கொன்ற பெண்ணுக்காகப் பொய் சொல்லி, அந்தக் கொலையைத் தற்கொலை ஆக்கிவிடுகிறாள்.

1982-இல் அமெரிக்காவில் சாரா பாரெட்ஸ்கியின் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கியும் சூ கிராஃப்டனின் கின்சி மில்ஹோனும் வந்தார்கள். உரிமம், அலுவலகம், துப்பாக்கி எல்லாம் உண்டு. வேலைக்காரிகள் இருக்கும் வீடுகளைவிடக் காப்பீட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும்தான் இப்போது களம். மறைந்து நின்று கேட்க வேண்டிய தேவை போய்விட்டது. எதிரே நின்று கேட்கலாம். அது பெரிய விடுதலை. ஆனால் சிகாகோ வீதியில் நடக்கும் வார்ஷாவ்ஸ்கிக்கு அந்தப் பலகாரத் தட்டு கண்ணில் பட வாய்ப்பில்லை.

அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் போட்ஸ்வானா நாவல்கள் 1998-இல் தொடங்கின. மா ரமோட்ஸ்வே நடத்தும் துப்பறியும் நிலையத்தின் செயலாளர் மா மகுட்ஸி, செயலர் கல்லூரியில் 97 சதவீதம் வாங்கியதை யாருக்கும் மறக்கவிடாதவர். இரண்டாம் நாவலான ‘டியர்ஸ் ஆஃப் தி ஜிராஃப்’ (2000) அவரை உதவித் துப்பறிவாளராக உயர்த்துகிறது. வேலைக்கு வந்தவள் துப்பறிவாளராவது இங்கேதான் இயல்பாக நடக்கிறது. அதே நாவலில் இன்னொரு பணிப்பெண்ணும் உண்டு. மா ரமோட்ஸ்வே மணக்கவிருக்கும் மாடகோனியின் வீட்டு வேலைக்காரி அவள். புது எஜமானி வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, மா ரமோட்ஸ்வேயைச் சிக்கவைக்க ஒரு துப்பாக்கியை ஏற்பாடு செய்கிறாள். கடைசியில் அந்தத் துப்பாக்கிக்காகச் சிறைக்குப் போவது அவள்தான். அவளுடைய பயம் நியாயமானதா என்று அந்த நாவலில் யாரும் கேட்பதில்லை.