பித்தளைக் கோல் ஒன்றே போதுமா?

ஜொகூரில் பேண்டு இசை வேரூன்றிப் பல தலைமுறைகள் ஆகின்றன. மாநிலப் பண்ணான ‘லாகு பங்சா ஜொகூர்’, கலிஸ்தான் என்ற ஆர்மீனியர் 1879-இல் அமைத்த மெட்டு. இன்றும் பள்ளி பேண்டில் கைபழகியவர்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகும்போது, திடலில் படிந்த ஒரு பழக்கமும் கூடவே அரங்கத்துக்குள் நுழைகிறது. உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீல் என்றால் இருப்பதிலேயே கெட்டியான கோலை, முடிந்தால் பித்தளையை, எடுப்பதுதான் அது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. டிரம்பெட்டும் ஸ்னேர் டிரம்மும் முழங்கும்போது மணியோசை அவற்றுக்கு மேல் எழ வேண்டும். கெட்டியான தலை உலோகப் பட்டையைக் கணநேரம் மட்டுமே தொட்டு விலகுவதால் உச்ச ஒலிகள் அமுங்காமல் தெறிக்கின்றன. ரெஸ்பிகியின் ‘ரோமின் பைன் மரங்கள்’ (1924) தொடங்கும் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் மினுங்குகிறது. அத்தகைய பகுதிகளில் அரங்கத்திலும் பித்தளைக்கு வேலை உண்டு.

ஆனால் பொதுவாக அரங்கத்தின் கணக்கு வேறு. இரண்டரை ஸ்தாயிக் கருவியின் கீழ்க்கோடிப் பட்டை ஏறத்தாழ 784 ஹெர்ட்சிலும் மேல்கோடி 4186 ஹெர்ட்சிலும் ஒலிக்கும். இரு முனையும் கட்டில்லாமல் அதிரும் பட்டையில் அடுத்த அதிர்வு, அடிப்படைச் சுருதியைப் போல் சுமார் 2.76 மடங்கில் எழும். அது அந்தச் சுருதியோடு இசையாது. கீழ்ப்பட்டையில் அது 2160 ஹெர்ட்சை ஒட்டி விழுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதோ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதனால் சிறிய பித்தளைத் தலையால் கீழ்ப்பட்டையைத் தட்டினால் சுரத்தை முந்திக்கொண்டு ‘டக்’ என்ற சத்தம் வருகிறது. மேல்பட்டைகளில் அடிப்படைச் சுருதியே அந்த எல்லைக்குள் இருப்பதால் பித்தளையின் துணையே தேவையில்லை. கீழே கெடுதல், மேலே மிகை!

கோலைக் கெட்டித்தன்மையால் மட்டும் எடைபோடுவதே இங்குள்ள பிழை. தலையின் எடையும் அளவும் அதே அளவுக்கு முக்கியம். கொஞ்சம் பருத்த, கனமான பிளாஸ்டிக் தலை கீழ்ப்பட்டையின் சுருதியை முழுதாக எழுப்பும். டுக்காவின் ‘மந்திரவாதியின் சீடன்’ (1897) போல் விரையும் பகுதிகளுக்கு இலேசான பிளாஸ்டிக் கோல் கைக்கு இணங்கும். டெபுஸ்ஸியின் ‘கடல்’ போல் மற்ற கருவிகளின் நிறத்தோடு கலக்க வேண்டிய இடத்தில் இன்னும் மிருதுவான தலையைத் தேடலாம். அளவு மீறி மிருதுவானாலும் ஆபத்துதான்: மேல்ஸ்தாயிப் பட்டை மங்கி, சுரம் காணாமல் போகும்.

கருவியின் நலனையும் பார்க்க வேண்டும். கடினமாக்கிய எஃகுப் பட்டை பித்தளையைத் தாங்கும். அணிவகுப்பில் தூக்கிச் செல்லும் பெல் லைராக்கள் பலவற்றில் அலுமினியப் பட்டைகளே இருக்கின்றன. அவற்றில் பித்தளை பள்ளம் விழச் செய்யும்; பள்ளம் விழுந்த பட்டையின் ஒலி பழைய நிலைக்குத் திரும்பாது.

ஒரே ஒரு ஜோடி வாங்கத்தான் பணம் இருக்கிறதென்றால் நடுத்தரக் கெட்டியான பிளாஸ்டிக் கோலை வாங்குவதே நல்லது. அடுத்த ஜோடி இலேசானதாக இருக்கட்டும். பித்தளைக்கு மூன்றாம் இடம் போதும். எதை வாங்கினாலும் ஒத்திகையின்போது ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்ல வேண்டும். வாசிப்பவரின் காது கருவியிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. கோலைத் தேர்வு செய்யும் பொறுப்பை அதனிடம் மட்டும் விட முடியாது.