இல்லத்து ஒலிப்பதிவும் அம்பாப் பாடலும்

ஒலிப்பதிவு மென்பொருள்களை ஒப்பிடுவோர் விலையையும் வசதிகளின் எண்ணிக்கையையுமே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். எவ்வகை இசையைப் பதிவதற்கு அவை வேண்டப்படுகின்றன என்னும் வினாவே முதன்மை பெறத்தக்கது என்பது, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள குச்சவெளிக் கரையிலிருந்து நோக்குமிடத்துப் புலனாகும். கீழைக்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். அதன் நடையைக் கயிறும் கைகளும் வகுக்கின்றன. வலையின் சுமை மாற நடையும் மாறும். அப்பாடலை மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டு, வீட்டுக் கணினியில் பதிந்து செப்பஞ்செய்ய விழையும் இளைஞருக்கு உதவுவது எது?

அப்பிள் நிறுவனம் 2004இல் வெளியிட்ட கராஜ்பாண்ட் கற்றற்கு எளியது, இலவசமானது. ஆயின் அந்நிறுவனக் கருவிகளில் மட்டுமே இயங்குவது. புதிய பதிவொன்றைத் தொடங்குங்கால், நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு தட்டுக்கு ஓர் அளவு என்னும் சட்டகத்தை அது முன்வைக்கின்றது. இதனை மாற்றலாம், எனினும் மாற்றவேண்டும் என்று அறியாதவர் தம் பாட்டையே அதற்கு இணங்க மாற்றிக்கொள்வர்.

காணெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் றொஜர் டானன்பேர்க்கும் உருவாக்கி, 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒடாசிற்றி இலவசமானது. பழைய கணினிக்கும் பெரிதும் ஏற்றது. ஒலியலையை அலையாகவே காட்டும் அதன் முறை தனிக்குரலுக்குப் பொருந்தும். ஆயின் 2022இல் 3.2ஆம் பதிப்பு வரும்வரை, அதில் செய்யும் திருத்தம் பெரும்பாலும் ஒலியையே மாற்றுவதாயிருந்தது; சேமித்து மூடியபின் பழைய நிலையை மீட்டல் அரிது.

கொக்கோஸ் நிறுவனத்தின் றீப்பர் இக்குறையைத் தொடக்கத்திலேயே தவிர்த்தது. மூலப்பதிவு தொடப்படாதிருக்கத் திருத்தங்கள் கட்டளைகளாகவே நிற்கும். பாடியவர் நடைக்கேற்பத் தாளக்கோட்டை வளைக்கவும் இயலும். 60 நாட் சோதனைக்குப்பின் உரிமம் வாங்கவேண்டியிருப்பதும், தொடக்கத்தில் பழகுதற்குக் கடினமாயிருப்பதும் அதன் குறைகள்.

இரைச்சல் நீக்கும் வசதியைக் கையாளுங்கால் தனிக்கவனம் வேண்டும். இரைச்சலின் மாதிரியொன்றை எடுத்து, அதனையொத்ததை எங்கும் தணிப்பதே ஒடாசிற்றியின் முறை. மாறாது ஒலிக்கும் மின்விசிறிக்கு அது பயன்படும். கடலிரைச்சலோ எழுந்து தாழ்வது. பல அதிர்வெண்களிலும் பரந்து, சகரம் முதலிய உரசொலிகளோடு கலந்து நிற்பது. அதனை நீக்க முயலின் சொல்லும் சிதையும். 12 சுரத்தானங்களுக்குள் குரலை இழுக்கும் சுருதித் திருத்தமும் அத்தகையதே. பாடகர் வேண்டிச் செய்த அசைவைப் பிழையென்று கொள்ளும்.

ஆகவே, தனிக்குரலைப் பதியத் தொடங்குவோருக்கு ஒடாசிற்றியும், பல குரல்களைத் தனித்தனித் தடங்களிற் பதிந்து இணைப்போருக்கு றீப்பரும் ஏற்றவை எனலாம். எதனைத் தெரியினும், திருத்தாத முதற்பதிவைத் தனியே பேணுதல் இன்றியமையாதது. விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிற்று, இருதடம் என்னும் அளவில் ஒரு மணிநேரப் பதிவுக்கு ஏறத்தாழ 635 மெகாபைற்று இடமே வேண்டும். பாடியவர் மறைந்தபின், செப்பஞ்செய்தவரின் பிழையைத் திருத்துதற்கு எஞ்சும் சான்று அஃதொன்றே.